வயலுக்குக் குறுக்கே ஒரு மீட்டர்

கிழக்கு இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் நகரத்திலிருந்து வடகிழக்கே இருபது கிலோமீட்டருக்குள் ஸ்வாஃபம் பிரையர், ரீச், பர்வெல் என்று மூன்று ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. சுற்றிலும் தட்டையான விவசாய நிலம். மே, ஜூன் மாதங்களில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை. அந்தக் கோதுமைக்கு நடுவே, வயலின் ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரத்துக்கு, ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் வெறும் மண்ணாக ஒரு கோடு போகும். வரப்பு இல்லை, வேலி இல்லை. பயிரைப் பிளந்துகொண்டு போகிற ஒற்றையடிப் பாதை. வயலின் விளிம்பில் ஒரு மரக்கம்பம், அதில் மஞ்சள் அம்புக்குறி. அவ்வளவுதான்.

வயல் தனியார் சொத்து. விதைத்தவர் இருக்கிறார், அறுவடைக்கு வரப்போகிறவரும் அவர்தான். ஆனால் அந்தக் கோட்டின் மேல் நீங்களும் நானும் யாரிடமும் கேட்காமல் நடக்கலாம். உரிமையாளர் முறைத்துப் பார்க்கலாம், தடுக்க முடியாது.

வேலை விஷயமாக அந்தப் பக்கம் சில வருடங்கள் இருந்தபோது வார இறுதிகளில் இந்தப் பாதைகளில் நிறைய நடந்திருக்கிறேன். இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் "அது இங்கிலீஷ்காரங்க மரபு, நல்ல பழக்கம்" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. வெறும் மரபை நம்பி ஒரு விவசாயி ஒவ்வொரு வருடமும் விளையும் நிலத்தில் ஒரு மீட்டரை விட்டுக்கொடுப்பாரா? கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் அடியில் இருப்பது சட்டமும் பழைய காகிதங்களும். அதிலும் இந்த மாதிரி சமவெளியில் பாதை என்பது கிட்டத்தட்ட முழுக்கவே காகிதம்தான். ஏன் அப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

சதுப்பும் மேடும்

மலைநாட்டில் பாதைக்கு நிலமே காவல். பாறை, ஓடை, கணவாய், கல் சுவர் எல்லாம் சேர்ந்து காலை ஒரே வழியாகத் தள்ளும். ஐந்நூறு வருடம் யாரும் எழுதி வைக்காவிட்டாலும் வழி அங்கேயேதான் இருக்கும். சமவெளியில் அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடக்கலாம். ஒரே ஒரு உழவு போதும், பாதை இருந்த சுவடே தெரியாது.

இந்த மூன்று ஊர்களும் ஒரு விளிம்பில் உட்கார்ந்திருக்கின்றன. தென்கிழக்கே லேசாக உயர்ந்து போகிற சுண்ணாம்புப் பாறை நிலம். வடமேற்கே ஃபென் எனப்படும் பழைய சதுப்பு. உயரம் என்றால் பெரிதாகக் கற்பனை பண்ண வேண்டாம், ஊர் இருக்கும் இடத்தில் சில மீட்டர்தான். ஆனால் ஒரு காலத்தில் குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் நின்ற பூமியில், வீடு எங்கே கட்டலாம் என்பதை அந்தச் சில மீட்டர்தான் தீர்மானித்தது. ஊரின் பின்வாசலில் சதுப்பு, முன்வாசலில் உழுநிலம். சதுப்பில் மீன், நாணல், மாட்டுக்குப் புல், எரிக்கப் பீட் கரி. மேட்டில் தானியம்.

இந்த வட்டாரத்து ஊர்கள் சிலவற்றிலிருந்து ஃபென்னுக்குள் செயற்கைக் கால்வாய் போய் கேம் ஆற்றின் பக்கம் சேரும். இதை லோட் என்கிறார்கள். ரீச் லோட் ரோமானியர் காலத்தது என்பது பொதுவான கருத்து. இன்று கூகுள் வரைபடத்தில் தேடினால் ஒரு புல்வெளியைச் சுற்றி நாலு வீடு மாதிரி தெரியும் ரீச், ஒரு காலத்தில் படகுகள் வந்து சரக்கு இறங்கிய துறை. 1201-ல் ஜான் மன்னர் கேம்பிரிட்ஜ் நகரத்தாருக்குக் கொடுத்த சாசனத்தில் ரீச் சந்தை வருகிறது. இப்போதும் மே மாத விடுமுறைத் திங்களன்று கேம்பிரிட்ஜ் மேயர் அங்கே வந்து சந்தையைத் தொடங்கிவைத்து, குழந்தைகளுக்குச் சில்லறைக் காசு வீசுவார்.

17ஆம் நூற்றாண்டில் பெட்ஃபோர்ட் பிரபுவும் அவரோடு பணம் போட்டவர்களும் ஃபென்னை வடிக்க இறங்கினார்கள். டச்சுக்காரரான கொர்னேலியஸ் வெர்முய்டன்தான் பொறியாளர். 1637-ல் ஒரு நேர்க்கோட்டுக் கால்வாய், 1651-ல் அதற்கு இணையாக இன்னொன்று. தண்ணீர் வடிந்தது. ஆனால் யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று நடந்தது. பீட் மண் என்பது அழுகாமல் தண்ணீருக்குள் பதப்பட்டுக் கிடந்த தாவரக் குவியல். காய்ந்ததும் சுருங்கும், காற்றுப் பட்டதும் மெல்ல மக்கிக் காணாமல் போகும். நிலம் இறங்க ஆரம்பித்தது. வடிகால் போட்ட நிலம், வடிகாலைவிடத் தாழ்ந்து போனது! அப்புறம் தண்ணீரை மேலே ஏற்றக் காற்றாலை, அது போதாமல் நீராவி எஞ்சின், பிறகு டீசல், இன்று மின்சாரம். பீட்டர்பரோ பக்கம் ஹோம் ஃபென்னில் 1851-ல் ஒரு இரும்புத் தூணைத் தலை தரைமட்டத்தில் இருக்குமாறு புதைத்தார்கள். இன்று அது தரைக்கு மேல் ஏறக்குறைய 4 மீட்டர் நிற்கிறது. தூண் வளரவில்லை, பூமிதான் இறங்கிவிட்டது. கடல் மட்டத்துக்குக் கீழே 2.75 மீட்டர், பிரிட்டனிலேயே மிகத் தாழ்ந்த இடம்.

இதை நடக்கும்போது உடம்பே உணரும். லோட் கரை மேல் போனால் ஒரு பக்கம் தண்ணீர் உங்கள் காலடிக்குப் பக்கத்தில் இருக்கும், மறுபக்கம் வயல் ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே கிடக்கும். வயலில் நின்று பார்த்தால் படகு தலைக்கு மேல் போகும். கருப்பு மண். உழும்போது ஆயிரக்கணக்கான வருடம் புதைந்து கிடந்த கருவேறிய ஓக் மரத்துண்டுகள் மேலே வரும், வயலோரத்தில் இழுத்துப் போட்டிருப்பார்கள்.

இப்போது பாதைகளுக்கு வருவோம். எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 226ஆம் எண் வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டால் (ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியீடு, 1:25,000 அளவு, பொதுவழிகள் எல்லாம் பச்சைக் கோடுகளாக இருக்கும்) மூன்று விதமான பாதைகளைப் பிரித்துப் பார்க்கலாம்.

ஃபென் பக்கம் எல்லாமே அடிஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்க்கோடுகள். லோட் கரைகள், மாடு ஓட்டிப் போகும் டிரோவ் என்கிற அகலமான மண்சாலைகள். நிலத்தைக் காகிதத்தில் பிரித்துவிட்டு அப்புறம் தரையில் வெட்டியவை. மேட்டுப் பக்கம் இருப்பவை கொஞ்சம் வளைந்து நெளிந்து, காரணமே இல்லாமல் ஒரு இடத்தில் முறிந்து திரும்பிப் போகும். அந்த முறிவு பெரும்பாலும் இல்லாமல் போன ஒரு பழைய வயல் எல்லை. இவை பெரும்பாலும் சர்ச்சில் போய் முடியும், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போக வேண்டிய இடம் அதுதானே. ஸ்வாஃபம் பிரையரில் ஒரே கல்லறைத் தோட்டத்துக்குள் இரண்டு சர்ச்சுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் சண்டை போட்டுப் பிரிந்த கதை இருக்கும் என்று நினைப்பார்கள். உண்மையில் அங்கே இரண்டு பங்குகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோயில், அவ்வளவுதான். பர்வெல் சர்ச் தோட்டத்தில் தீப்பிடித்த இதயம் செதுக்கிய ஒரு கல் இருக்கிறது. 1727 செப்டம்பரில் ஒரு களஞ்சியத்தில் பொம்மலாட்டம் பார்க்கப் போனவர்களில் 78 பேர் தீயில் இறந்துபோன நினைவு. கூட்டம் உள்ளே வராமலிருக்கக் கதவை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வயலுக்குள் திரும்புகிறவர்கள் கொஞ்ச தூரம் பேச மாட்டார்கள்.

மூன்றாவது வகைக்கு ஒரே உதாரணம், டெவில்ஸ் டைக். ரீச்சின் புல்வெளியில் தொடங்கி வுட்டிட்டன் வரை கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர், அம்பு மாதிரி நேராக ஒரு மண் அரண், பக்கத்திலேயே அகழி. ஆங்கிலோ-சாக்ஸன் காலத்தது. நியூமார்க்கெட் குதிரைப் பந்தயத் திடல்களுக்கு நடுவே புகுந்து போகிறது. அதன் உச்சியில்தான் பாதை. உழுது அழிக்க முடியாத ஒரே பாதை இந்த வட்டாரத்தில் இதுதான். மற்றதெல்லாம் ஒரு டிராக்டரின் தயவில் இருக்கிறது.

எது யாருடையது

மண் விவசாயியுடையது. கடந்து போகும் உரிமை மட்டும் பொதுமக்களுடையது. இந்தப் பிரிவினையை இங்கிலாந்து நீதிமன்றங்கள் எவ்வளவு கறாராகப் பிடித்திருந்தன என்பதற்கு இரண்டு பழைய வழக்குகள் உண்டு.

ஒன்று, 1893-ஆம் வருடத் தீர்ப்புத் தொகுப்பில் வருகிறது. ரட்லண்ட் கோமகனுக்கு வேட்டை நிலம். அதன் ஊடே ஒரு பொதுவழி. கோமகன் பறவை சுட வந்தபோது ஹாரிசன் என்பவர் அந்த வழியில் நின்றுகொண்டு குடையை விரித்தும் கைக்குட்டையை ஆட்டியும் பறவைகளைக் கலைத்துவிட்டார். கோமகனின் ஆட்கள் அவரைப் பிடித்து அமுக்கினார்கள். அவர் வழக்குப் போட, நீதிமன்றம் சொன்னது: கடந்து போகத்தான் உனக்கு உரிமை, குடை ஆட்ட இல்லை, ஆகவே நீ அத்துமீறி நுழைந்தவன். இன்னொன்று 1900. பந்தயக் குதிரைகளுக்குப் பயிற்சி நடக்கும் நிலத்தின் ஊடே போகும் சாலையில் ஒருவர் பதினைந்து கெஜ தூரத்துக்குள் ஒன்றரை மணி நேரம் முன்னும் பின்னும் நடந்து, எந்தக் குதிரை நன்றாக ஓடுகிறது என்று குறிப்பு எடுத்தார். அவரும் அத்துமீறியவர்தான் என்று தீர்ப்பு. எனக்கு இந்தக் குடைக்காரர் மேல் ஒரு தனிப் பிரியம்.

இன்றைய நடைமுறை இவ்வளவு கறார் இல்லை. நின்று மூச்சு வாங்கலாம், படம் எடுக்கலாம், உட்கார்ந்து கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிடலாம். ஆனால் அடிப்படை மாறவில்லை. கோட்டை விட்டு இறங்கினால் நீங்கள் அவருடைய நிலத்தில் நிற்கிறீர்கள். (ஸ்காட்லாந்து வேறு கதை. அங்கே 2003 சட்டப்படி பெரும்பாலான நிலத்தில் பொறுப்போடு நடந்துகொண்டால் எங்கும் போகலாம்.)

சரி, இந்த உரிமை எப்படி உண்டாகிறது? உரிமையாளர் தானாக மக்களுக்கு அர்ப்பணிக்கலாம். ஆனால் எழுதிக் கொடுத்தவர்கள் குறைவு. பெரும்பாலும் நடந்து நடந்து வருவது. 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஒரு வழியில் பொதுமக்கள் 20 வருடம் இடையீடு இல்லாமல், உரிமையோடு நடந்திருந்தால், உரிமையாளர் அதை அர்ப்பணித்துவிட்டதாகவே கொள்ளப்படும். "உரிமையோடு" என்பதற்கு மூன்று நிபந்தனை. பலவந்தம் கூடாது, ஒளிந்து மறைந்து கூடாது, அனுமதி வாங்கியும் கூடாது. மூன்றாவதுதான் வேடிக்கை. "ஐயா, இந்தப் பக்கம் போகலாமா?" என்று மரியாதையாகக் கேட்டு, அவர் "தாராளமா" என்று சொல்லிவிட்டால், இருபது வருடம் நடந்தாலும் உரிமை வராது. கேட்காமல் நடந்தவருக்குத்தான் வரும்.

இந்த 20 வருடம் எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1882-ஆம் வருட இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் இதே இங்கிலாந்து மரத்தின் கிளைதான். அந்தச் சட்டம் முதன்முதலில் அமலுக்கு வந்த பகுதிகளில் மதராஸ் மாகாணமும் ஒன்று. பக்கத்து வயல்காரர் தன் வண்டித்தடத்துக்காக நம்மூர்க் கோர்ட்டில் "இருபது வருஷமா இதே வழியாத்தான் போறோம்" என்று சாட்சி சொல்வது இதனால்தான். ஒரு வித்தியாசம். வசதியுரிமை ஒரு நிலத்தோடு ஒட்டியது, அந்த நிலத்துக்காரருக்கானது. பொதுவழி எந்த நிலத்தோடும் ஒட்டவில்லை. லண்டனிலிருந்து வந்தவருக்கும் சென்னையிலிருந்து வந்தவருக்கும் அதில் சம பங்கு.

நில உரிமையாளருக்கும் தற்காப்பு உண்டு. "இது பொதுவழி அல்ல" என்று பலகை வைக்கலாம். கவுண்டி கவுன்சிலில் வரைபடமும் உறுதிமொழியும் தாக்கல் செய்து, என் நிலத்தில் இவைதான் வழிகள், வேறு எதையும் அர்ப்பணிக்கும் எண்ணமில்லை என்று பதிவு பண்ணலாம். அது நியாயம்தான். ஆனால் பல இடங்களில் பார்க்கும் "அத்துமீறி நுழைபவர் மீது வழக்குத் தொடரப்படும்" பலகைக்கு அவ்வளவு பல் கிடையாது. சும்மா நடந்து போனது அங்கே பொதுவாகக் குற்ற வழக்கு ஆகாது, சிவில் தகராறுதான்.

உழவு விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் சொன்ன அந்த மண் கோடு தானாக அங்கே இருப்பதில்லை. 1990-ல் வந்த பொதுவழிச் சட்டம் இப்படிச் சொல்கிறது. வயலின் ஓரமாகப் போகும் பாதையை உழவே கூடாது. குறுக்கே போகும் பாதையை, வேறு வழியில்லை என்றால், உழலாம். ஆனால் முதல் உழவிலிருந்து 14 நாளுக்குள் நடக்கிற மாதிரி சரிசெய்து, கோடு தெரியும்படி காட்ட வேண்டும். அதன்பின் விதைப்பு, பரம்பு என்று ஒவ்வொரு தடவை கலைத்த பிறகும் 24 மணி நேரத்துக்குள். குறுக்குப் பாதைக்குக் குறைந்தபட்ச அகலம் 1 மீட்டர், ஓரப் பாதைக்கு 1.5 மீட்டர். குதிரையும் போகும் பிரைடில்வே என்றால் 2, 3 மீட்டர். பயிர் அதன் மேல் முளைத்து நிற்கக் கூடாது.

அதாவது அந்தப் பாதை ஒவ்வொரு வருடமும் அழிக்கப்பட்டு, ஒவ்வொரு வருடமும் திரும்பப் போடப்படுகிறது. சில விவசாயிகள் முளைத்த பயிரின் மேல் களைக்கொல்லி அடித்துக் கோடு எடுப்பார்கள். ஜிபிஎஸ் வைத்த டிராக்டர் இருப்பவர்கள் விதைக்கும்போதே அந்த ஒரு மீட்டரை விட்டுவிடுவார்கள். நூற்றாண்டுப் பழமை என்று நாம் ரசித்து நடக்கிற கோடு, போன மாதம் ஒரு செயற்கைக்கோள் காட்டிய இடத்தில் போட்டது. தரையில் எந்த அடையாளமும் மிச்சமில்லாதபோது எந்த இடத்தில் திரும்பப் போடுவது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் காகிதம் வருகிறது.

வரைபடத்துக்கு வெளியே

1949 வரை இங்கிலாந்தில் எந்த வழி பொதுவழி என்பதற்கு முழுமையான பதிவேடு கிடையாது. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். 1949-ல் தேசியப் பூங்காக்கள் மற்றும் கிராமப்புற அணுகல் சட்டம் வந்தது. ஒவ்வொரு கவுண்டியும் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் பொதுவழிகளுக்கும் 'தீர்மானமான வரைபடம்' தயாரிக்க வேண்டும். அதில் ஏறிவிட்டால் அது சட்டப்படி முடிவான சாட்சி. அந்த வழி உண்டா இல்லையா என்று அப்புறம் வாதாட முடியாது. ஏறாவிட்டால் உரிமை இல்லை என்று ஆகாது, ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

தரவு சேகரிப்பு யார் செய்தார்கள்? பாரிஷ் கவுன்சில்கள், நம் ஊராட்சி மாதிரி கடைசிப் படி நிர்வாகம். ஊர்ப் பள்ளி ஆசிரியரோ, ஓய்வு பெற்றவரோ, விவசாயியோ நடந்து பார்த்து ஒரு படிவம் நிரப்பி அனுப்பினார்கள். ஒரு ஊரில் ஆர்வமுள்ள ஆள் இருந்தால் ஒவ்வொரு சந்தும் ஏறியது. பக்கத்து ஊர் கவுன்சிலில் பெரிய நிலக்காரர்களே உட்கார்ந்திருந்தால் பல வழிகள் மறந்துபோயின. இன்னொரு வகை விடுபடலும் உண்டு. எல்லோரும் நடக்கிறோம், எல்லோருக்கும் தெரியும், இதை எதற்கு எழுத வேண்டும் என்று விட்டது. எங்கள் தொழிலில் பழைய சிஸ்டத்திலிருந்து டேட்டாவை மாற்றும்போது நடக்கும் அத்தனை கூத்தும் இதில் இருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாக எழுதியதை எல்லைக்கோட்டில் ஒட்டும்போது பொருந்தாமல் போவது உட்பட. இங்கிலாந்து வரைபடத்தில் ஒரு பாதை வயலுக்கு நடுவே திடீரென்று செத்து விழுந்தால், பாரிஷ் எல்லை அங்கே ஓடுகிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் எழுதவில்லை. எழுபது வருடம் முன்னால் ஒருவர் படிவம் நிரப்பாததால் ஒரு வழி அந்தரத்தில் நிற்கிறது. இல்லாவிட்டால் அந்தப் பக்கம் நடைபாதையாகவும் இந்தப் பக்கம் குதிரைப் பாதையாகவும் பதிவாகியிருக்கும். குதிரைக்கு எல்லையில் இறக்கை முளைக்க வேண்டும்.

விட்டுப்போனதை இப்போதும் சேர்க்கலாம். யார் வேண்டுமானாலும் சான்றுகளோடு கவுண்டிக்கு விண்ணப்பிக்கலாம். எதிர்ப்பு வந்தால் ஆய்வாளர் முன்னால் விசாரணை. வருடக்கணக்கில் இழுக்கும். ஆனால் அந்தச் சான்றுகளைத் தேடும் வேலை இருக்கிறதே, அதற்கே ஒரு ஜென்மம் போதாது.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஊர்ப் பொதுநிலங்களையும் துண்டு துண்டாகக் கிடந்த வயல்களையும் பிரித்து வேலியடைத்தபோது, ஆணையர்கள் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தீர்வை ஆவணம் எழுதினார்கள். எந்த வழி எத்தனை அடி அகலம், எங்கிருந்து எங்கே என்று அதில் இருக்கும். இந்தப் பக்கம் சில சாலைகள் வெறிச்சோடிய நேர்க்கோடாக, இரண்டு பக்கமும் அகலமான புல்லோரத்தோடு போவது அந்த எழுத்தின் விளைவு. அந்த ஆவணங்களுக்கு அடிப்படையான 1801 சட்டத்தில் "தனியார் சாலைகள், குதிரைப் பாதைகள், நடைபாதைகள்" என்று ஒரு தொடர் வருகிறது. "தனியார்" என்ற சொல் சாலைகளை மட்டும் தழுவுமா, பட்டியல் முழுக்கவா? முழுக்க என்றால் ஆணையர்களுக்குப் பொது நடைபாதை போடும் அதிகாரமே இல்லை. 1993-ல் ஒரு நீதிமன்றம் அதிகாரம் இல்லை என்றது. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உண்டு என்று மாற்றியது. புரோகிராம் எழுதுகிறவர்கள் அடைப்புக்குறி எங்கே போடுவது என்று சண்டை போடுவோமே, அதேதான். ஒரு அடைமொழியின் வீச்சில் எத்தனை ஊர்ப் பாதைகள் தொங்கிக்கொண்டிருந்தன பாருங்கள்.

எனக்கு மிகப் பிடித்த சான்று வேறு. லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த நிதிச் சட்டத்தால் 1910-லிருந்து நாட்டின் நிலம் முழுவதையும் வரிக்காக மதிப்பிட்டார்கள். நில மதிப்பு உயர்வின் மேல் வரி. உரிமையாளர், தன் நிலத்தின் ஊடே பொதுவழி போகிறது என்று காட்டினால் மதிப்பில் கழிவு கிடைக்கும். பொய் சொன்னால் தண்டனை. ஆகவே, "என் நிலத்தில் வழியா, கிடையவே கிடையாது" என்று சொல்லக் கூடிய அதே ஆட்கள், வரி குறையும் என்றதும் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்! வரி 1920-ல் ரத்தாகிவிட்டது. ஆனால் அந்தக் களப் புத்தகங்களும் வரைபடங்களும் லண்டன் கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நிலத் துண்டுகளுக்கு வண்ணம் தீட்டி, பொதுச் சாலைகளை வெள்ளையாக விட்டிருப்பார்கள். தாத்தா வரிக்காக எழுதிக் கொடுத்த ஒரு வரி, பேரன் காலத்தில் ஒரு பாதையைத் திறந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் ஒரு கெடு வைத்தார்கள் என்பதுதான் இப்போதைய பிரச்சினை. 2000-ஆம் வருடச் சட்டம் ஒன்று, 1949-க்கு முந்தைய நடைபாதைகளும் குதிரைப் பாதைகளும் 2026 ஜனவரி 1-க்குள் வரைபடத்தில் ஏறாவிட்டால் உரிமை அற்றுப்போகும் என்றது. ஒரு முறை பொதுவழி ஆனால் என்றைக்கும் பொதுவழி என்பது இங்கிலாந்துச் சட்டத்தின் பழைய கொள்கை. அதை ஒரு தேதி அடித்து வீழ்த்துகிறது. நில உரிமையாளர்கள் கேட்டது, என்றைக்கோ ஒரு நாள் யாரோ ஒரு பழைய வரைபடத்தோடு வந்து கதவைத் தட்டுவார்களோ என்ற பயமில்லாத நிலை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தேடும் வேலை முழுக்கத் தன்னார்வலர்கள் தலையில், கெடு மட்டும் அரசுடையது.

ராம்ப்ளர்ஸ் என்ற நடைப்பயணிகள் அமைப்பு 2020-ல் ஒரு காரியம் செய்தது. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதையும் சிறு சதுரங்களாகப் பிரித்து, பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் அருகருகே இணையத்தில் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு சதுரத்தை எடுத்து, பழையதில் இருந்து புதியதில் இல்லாத கோட்டை வரையலாம். ஆயிரக்கணக்கானோர் சில வாரங்களில் முடித்துவிட்டார்கள். கிடைத்தது 49,000 மைலுக்கு மேல். இன்று பதிவிலுள்ள பொதுவழிகளே ஏறத்தாழ 1,40,000 மைல்தான் என்பதை வைத்துப் பாருங்கள். பழைய வரைபடத்தில் இருக்கும் கோடெல்லாம் பொதுவழி ஆகிவிடாது என்பதும் உண்மை. சில வெறும் பண்ணைத் தடமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சான்று தேட வேண்டும்.

அரசு 2022-ல் கெடுவை நீக்குவதாகச் சொன்னது. 2023-ல் மனம் மாறி 2031 ஜனவரி 1 என்று தள்ளிவைத்தது. 2024 டிசம்பரில் அடுத்து வந்த அரசு, கெடுவையே எடுத்துவிடப் போவதாக அறிவித்தது. அறிவிப்பு ஒன்று, நாடாளுமன்றத்தில் சட்டத்தைத் திருத்துவது இன்னொன்று. அதனால் விவரம் தெரிந்தவர்கள் விண்ணப்பம் போடுவதை நிறுத்தவில்லை. முதலில் போவது மலைப் பாதைகளாக இருக்காது என்பது என் கணிப்பு. வேலிச்செடிகளைப் பிடுங்கிப் பெரிய பெரிய வயலாக்கிய கிழக்குச் சமவெளிதான். அங்கே காகிதத்தில் இல்லாத பாதைக்குத் தரையில் சாட்சி சொல்ல ஒரு கல்கூட மிச்சமில்லை.

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி, பலரும் கேட்பது. மஞ்சள் அம்பு வயலுக்குள் காட்டுகிறது, வரைபடத்தில் பச்சைக் கோடு இருக்கிறது, ஆனால் விவசாயி பாதை எடுக்கவில்லை. முழுக்க முழங்கால் உயரக் கோதுமை. என்ன செய்வது? நம் கை கால் எல்லாம் சொல்வது, பாவம் பயிரை மிதிக்க வேண்டாம், ஓரமாகச் சுற்றிப் போவோம் என்று. சட்டம் சொல்வது நேர் எதிர். உங்கள் உரிமை அந்தக் கோட்டின் மேல் மட்டும்தான். ஓரமாகச் சுற்றினால், அந்த ஓரம் பொதுவழி இல்லை என்பதால், அங்கேதான் நீங்கள் அத்துமீறியவர். கோட்டின் மேலேயே, முடிந்தவரை ஒரே வரிசையில், பயிருக்குள் நடந்து போகலாம். கம்பத்தையும் எதிர்ப்பக்கத்தில் வேலி தாண்டும் படியையும் கண்ணால் கோர்த்துக்கொண்டு நேராகப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் கவுண்டி கவுன்சிலின் பொதுவழிப் பிரிவுக்கு இடத்தைக் குறித்து ஒரு புகார் அனுப்புங்கள். மழை பெய்திருந்தால் மட்டும் பழைய பூட்ஸ் போட்டுக்கொண்டு போவது நல்லது. உழுத களிமண் ஒரு வயலைக் கடப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ ஏறிவிடும்.